தாம்பூலப் பையில் சாயம் நிலைக்க…

கேள்வி: வீட்டிலேயே பருத்தித் தாம்பூலப் பைகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து விற்கிறேன். ஒரே சலவையில் எழுத்து மங்குவதாக வாடிக்கையாளர்கள் குறைகூறுகின்றனர். என்ன செய்யலாம்? விலையை எப்படி நிர்ணயிப்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: துணி அச்சுக்குப் பயன்படும் பிக்மென்ட் சாயம் (நிறத்தூள் கலந்த சாயம்) தானாக நூலைப் பற்றிக்கொள்வதில்லை; அதைப் பிடித்துவைக்கும் பைண்டர் சூடு பட்டால்தான் முழுமையாக இறுகும் என்பதால், நிழலில் உலர்ந்த பையை அப்படியே மடித்துக் கொடுப்பதுதான் பெரும்பாலும் இந்தக் குறைக்குக் காரணமாக இருக்கும். அச்சு நன்கு உலர்ந்தபின், அதன்மேல் மெல்லிய துணியை விரித்து, நீராவி இல்லாமல், பருத்திக்குரிய சூட்டில் ஒவ்வொரு பகுதியையும் சில நிமிடங்கள் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேயுங்கள். பட்டறைகளில் இதையே சுமார் 150 டிகிரி செல்சியஸில் செய்கிறார்கள். கஞ்சி போட்ட புதுத் துணியாக இருந்தால், அலசி உலர்த்திய பிறகே அச்சிடுங்கள், ஏனெனில் கஞ்சியின்மேல் படிந்த சாயம் கஞ்சியோடு போய்விடும். ஒரு பையைத் துவைத்துப் பார்க்காமல் முழு ஆர்டரையும் அச்சிட வேண்டாம்.

விலையில் துணி, சாயம், மின்சாரம், வீணான பைகள் ஆகியவற்றோடு உங்கள் கூலியையும் கட்டாயம் சேருங்கள். வீட்டில் செய்வதாலேயே உழைப்பை இலவசமாகக் கொடுப்பது நியாயமன்று. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் (சாயத்தை இறக்கும் வலைச்சட்டம்) தேவைப்படுவதால், சிறிய ஆர்டர்களை ஒரே நிறத்தில் முடிப்பதே கட்டுப்படியாகும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம்.