இரவு இரண்டரைக்கு எங்கிருந்து புறப்படுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 56 வயது. நாலு வருடமாக விடிய எழும்பி சுதந்திர சதுக்கத்தில் ஓடுகிறேன். ஸ்காபரோவில் இருக்கும் மகள், வரும் ஜனவரியில் புளோரிடாவில் நடக்கும் வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் மரதன் வாரஇறுதியில் என்னையும் அரை மரதனுக்குப் பதிந்துவிட்டாள். கனடா, அமெரிக்கா இரண்டு விசாவும் கையில் இருக்கின்றன. எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் இழுபறி. மகள் டிஸ்னிக்குள்ளேயே தங்குவோம் என்கிறாள். கணவர் இணையத்தில் தேடி, டிஸ்னிக்கு வெளியே கிசிமியில் பாதி விலைக்கு ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறார். மருமகனின் அண்ணா குடும்பம் டாம்பாவில் இருக்கிறது. தங்கள் வீட்டில் நிற்காவிட்டால் மனம் நோவார்கள். நீங்கள் அங்கே ஓடியவர் என்று அறிந்தேன். என்ன செய்யலாம் அக்கா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, மகள் சொல்வதைக் கேளுங்கள். நான் அந்த ஓட்டத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை தங்கியது உங்கள் கணவர் பார்த்து வைத்திருப்பதைப் போன்ற ஒரு இடத்தில்தான்.

அரை மரதன் சனிக்கிழமை நடக்கும். முதல் அணி காலை 5 மணிக்குக் கிளம்பிவிடும். எப்கொட் பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் கூடி, டிஸ்னியின் இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டம் வரை ஓடி, அங்கே கோட்டைக்கு நடுவால் புகுந்து, திரும்ப எப்கொட்டுக்கே வரவேண்டும். 21.1 கிலோமீற்றர். ஓட்டக்காரரை ஏற்றும் பஸ்கள் இரவு இரண்டரை, மூன்று மணிக்கே ஓடத் தொடங்கும். பஸ்ஸால் இறங்கியதும் பை சோதனை, பையை ஒப்படைப்பது, கழிவறை வரிசை, அப்புறம் உங்கள் அணி நிற்கும் இடத்துக்கு இருட்டில் இருபது நிமிட நடை. அந்த பஸ் எல்லா ஹோட்டலுக்கும் வராது. நடத்துபவர்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு ஹோட்டல் பட்டியல் போடுவார்கள். அதில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் வரும். அறை தேடும்போது நீச்சல் குளத்தின் படத்தையும் காலைச் சாப்பாட்டையும் பார்க்க முதல், அந்தப் பட்டியலில் ஹோட்டலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிசிமியில் பெருந்தெரு ஓரமாக ஒரு விடுதி. ரொறன்ரோவிலிருந்து வந்த பெறாமகனும் நானும் தங்கினோம். மூன்று மணிக்கு வரச் சொல்லி முதல் நாளே ஒரு வாடகைக் காருக்குச் சொல்லி வைத்திருந்தோம். கார் வரும்போது மூன்றரை. ஓட்டத்துக்காக டிஸ்னிக்குள் எந்த எந்த வீதியை மூடியிருக்கிறார்கள் என்று சாரதிக்குத் தெரியாது. அவருடைய போன் காட்டிய வழி, செம்மஞ்சள் கூம்புகள் வரிசையாக வைத்த ஒரு இடத்தில் போய் நின்றது. திரும்பிச் சுற்றிப் போனோம். அங்கேயும் கூம்பு. கடைசியில் இறங்கி நடந்தோம். பெறாமகன் ஒரு கையில் போன் வெளிச்சமும் மறு கையில் என் கையுமாக முன்னால் போனான். புல்லில் பனி இறங்கி, சப்பாத்து ஓட முதலே நனைந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேரும்போது கடைசி அணி நகரத் தொடங்கியிருந்தது. கழிவறைக்குப் போக நேரமில்லை. அந்த ஓட்டத்தில் ஒரு மைலை 16 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். நம்முடைய கணக்கில் கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம். வேகத்தைக் காட்டுவதற்கென்றே கடைசியாகக் கிளம்பும் சிலர் அந்த அளவில்தான் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் போய்விட்டால் ஓட்டத்தை நிறுத்தி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். முன் அணியில் தொடங்குகிறவருக்குக் கையில் நேரம் இருக்கும், கடைசி அணியில் நிற்பவருக்கு அது இல்லை. முதல் ஐந்து கிலோமீற்றரும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓடினேன். கோட்டைக்குள் எப்போது புகுந்தேன், எப்போது வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. அவ்வளவு தூரம் போனதே அந்த இடத்தைப் பார்க்கத்தான். எனக்கு அது இன்னும் கவலைதான்.

உங்கள் கணவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். அந்தப் பயணத்தின் பற்றுச்சீட்டுகள் எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இணையத்தில் போட்டிருந்த விலை ஒரு இரவுக்கு 79 டொலர். அதன் மேல், விடுதி வசதிகளுக்கென்று தனியாக வாங்கும் ரிசோர்ட் கட்டணம் 22 டொலர். அதற்கும் மேல் வரி. மூன்று இரவுக்கு 344 டொலர் வந்தது. அப்புறம் கார்ச் செலவு: விமான நிலையத்திலிருந்து 45, ஓட்ட இலக்கம் எடுக்கப் போய்வர 44, ஓட்டத்தன்று போக 38, வர 52. இவை மட்டும் 179. எல்லாம் சேர்த்து மூன்றால் பிரித்தால் இரவுக்கு 174 டொலர். இரண்டாவது தடவை டிஸ்னிக்குள் குறைந்த விலை ரகத்தில் தங்கியபோது அதைவிடக் கொஞ்சம்தான் கூடக் கொடுத்தேன். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் ரிசோர்ட் கட்டணம் கிடையாது. உள்ளே ஓடும் பஸ்களுக்கும் காசில்லை. விமான நிலையத்திலிருந்து முன்பு இலவச பஸ் விட்டார்கள், அது 2022 தொடக்கத்தோடு நின்றுபோனது. அந்தச் செலவு எங்கே தங்கினாலும் உண்டு.

சரி, உள்ளே எது? மொனோரெயில் என்ற ஒற்றைத் தண்டவாள ரயிலின் பாதையில் இருக்கும் மூன்று ஹோட்டல்களும், அதாவது கிராண்ட் புளோரிடியன், பொலினேசியன், கொன்டெம்பரரி, விலை கூடியவை. ஓடாத குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அவை வசதி. அரை மரதன் பாதை அந்தப் பக்கமாகவே போவதால், பிள்ளைகளை இரண்டரைக்கு எழுப்பாமல், விடிந்த பிறகு கீழே இறங்கி நின்று கையசைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுக்கலாம். உங்கள் இருவருக்கும் அவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை. ஓல் ஸ்டார் என்ற பெயரில் இருக்கும் மூன்று ஹோட்டல்களில் ஒன்று, அல்லது பொப் செஞ்சுரி போதும். நான் இரண்டாம் தடவை பொப் செஞ்சுரியில்தான் நின்றேன். அங்கே ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் இருக்கிறது. ஏரிக்கு மேலால் எப்கொட் வரைக்கும் போகும். ஓட்டத்தன்று விடியப்புறம் அது ஓடாது, பஸ்தான். ஓடி முடித்த மறுநாள் காலைத் தூக்கி வைக்க முடியாமல் இருக்கும்போது அது பெரிய உதவி.

அறை சிறியது, 260 சதுர அடி. ஒரு கட்டில் நிரந்தரமாக இருக்கும். மற்றது சுவரோடு நிற்கும் மேசை. மேசையை மடித்துக் கீழே இழுத்தால் கட்டில். ஆகவே ஒருவர் ஏழு மணிக்குப் படுத்தால் மற்றவருக்குச் சாப்பிட மேசை இல்லை. மகளும் நீங்களும் ஒரே நேரத்துக்குப் படுக்கப்போவதால் பரவாயில்லை. மருமகனும் பிள்ளைகளும் வருவதாக இருந்தால் அவர்களுக்கு வேறு அறை எடுங்கள்.

அறை எந்தப் பக்கம் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். கொழும்புக்கும் டிஸ்னி இருக்கும் ஒர்லாண்டோவுக்கும் ஜனவரியில் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு இரண்டரை என்றால் இங்கே பகல் ஒரு மணி. எழும்புவது உங்களுக்குக் கஷ்டமே இல்லை, உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். ஆனால் அங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இங்கே இரவு பத்தரை, கண் சொருகும். முதல் மூன்று நாலு நாள் உங்கள் நித்திரை பகலில்தான் வரும். பகலில்தான் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் சத்தம் போடும், பாட்டுப் போடுவார்கள். வெள்ளவத்தையில் ரயில் சத்தத்தில் படுத்துப் பழகியவருக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை என்று நினைப்பீர்கள். ரயில் போய்விடும், குளத்துப் பாட்டு போகாது. குளத்துக்குத் தள்ளி, மேல்மாடியில், லிஃப்டுக்குக் கிட்ட அறை வேண்டும் என்று பதியும்போதே மகளைக் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஸ்காபரோவில் ஒரு கிழமை நின்றுவிட்டுப் போங்கள். ரொறன்ரோவுக்கும் ஒர்லாண்டோவுக்கும் ஒரே நேரம். நித்திரை அங்கேயே சரிப்பட்டுவிடும்.

பிந்தினாலும் வியாழக்கிழமைக்குள் போய்ச் சேருங்கள். ஓட்ட இலக்கத்தை வேறொருவர் எடுத்துத் தர முடியாது. நீங்களே கடவுச்சீட்டோடு ஈஎஸ்பிஎன் விளையாட்டரங்க வளாகத்துக்குப் போகவேண்டும். பட்டியலில் உள்ள ஹோட்டல்களிலிருந்து அதற்கும் பஸ் உண்டு.

டாம்பா உறவுக்காரர் விஷயத்தில் நீங்கள் தயங்குவது சரிதான். மருமகன் வீட்டாரின் மனம் நோகக்கூடாது. ஆனால் டாம்பாவிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 110 கிலோமீற்றர் கார் ஓடவேண்டும். ஓட்டத்தன்று உங்களை நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவதென்றால் அந்தத் தம்பி இரவு ஒரு மணிக்கு எழும்பவேண்டும், வீதியும் மூடியிருக்கும். மகள் மூலமாகச் சொல்ல விடாமல் நீங்களே போன் எடுத்து, "தம்பி, ஓட்டம் முடியும் மட்டும் எனக்கு வேறு யோசனை ஓடாது. ஞாயிறு பின்னேரம் வந்து நாலு நாள் உங்களோடு நிற்கிறேன், பிள்ளைகளோடு ஆறுதலாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். நான் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அவர்கள் ஞாயிறு பின்னேரம் தாங்களே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். போய் இறங்கும்போது குத்தரிசிச் சோறும் மீன் குழம்பும் அடுப்பில் இருந்தன.

கேள்வி: வயது 27. டிஸ்னிலாண்ட் பாரிஸ் அரை மரதனில் ஓட ஆசை. சித்தப்பா வீடு பாரிஸ் நகரத்துக்குள், லாச்சப்பலில். அங்கே தங்கி ரயிலில் போகலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மற்ற நாட்களில் தாராளமாகத் தங்குங்கள் தம்பி. ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு மட்டும் அங்கே வேண்டாம். பாரிஸ் நடுவில் உள்ள சாத்லே நிலையத்தில் ஏறினால் ஆர்.ஈ.ஆர். ஏ ரயிலில் ஏறக்குறைய நாற்பது நிமிடம். லாச்சப்பலில் இருந்து அதற்கு முதல் ஒரு தடவை ரயில் மாறவேண்டும். முதல் ரயில் ஐந்து மணிக்குப் பிறகுதான் கிளம்பும், ஓட்டம் காலை ஏழு மணியளவில். வாரஇறுதிகளில் தண்டவாள வேலைக்காகப் பாதையின் ஒரு துண்டை மூடுவதும் உண்டு.

பாரிஸில் நிலைமை புளோரிடாவை விட நல்லது. நியூபோர்ட் பே, செயென், சாந்தா ஃபே போன்ற ஹோட்டல்களிலிருந்து பூங்காவுக்குப் பதினைந்து, இருபது நிமிட நடை, பஸ்ஸை நம்பவேண்டியதில்லை. அவை கட்டாவிட்டால், ஒரு நிலையம் முந்தி வல் தெரோப்பில் மலிவான அறைகள் கிடைக்கும், அங்கிருந்தும் நடந்துவிடலாம். டேவி குறொக்கட் என்று காட்டுக்குள் மரவீடுகள் இருக்கும், படத்தில் அழகாகத் தெரியும். கார் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

இன்னொன்று. சித்தப்பா வீட்டில் தங்கும் நாட்களுக்கு விசாவுக்கு ஒரு சான்றிதழ் கேட்பார்கள். அதை அவர்தான் மெறி என்று அங்கே சொல்லும் நகரசபையில் எடுத்து, மூலப்பிரதியை உங்களுக்கு அனுப்பவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். விமானச் சீட்டுப் பார்க்க முதல் சித்தப்பாவோடு கதையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு ஓட்டத்துக்குப் போகும்போது ஹோட்டல் அறையில் நம்முடைய சாப்பாடு ஏதாவது செய்துகொள்ளலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: அமெரிக்கா என்றால் இங்கிருந்து கேத்தல் கொண்டுபோகாதீர்கள். நம்முடையது 230 வோல்ட், அங்கே 120. கால் பங்குச் சூடுதான் வரும். தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் பிடிக்கும். நான் அப்படிக் காத்திருந்து, கடைசியில் வெந்நீர்க் குழாய்த் தண்ணீரில் சமஹன் மூலிகைத் தூளைக் கரைத்துக் குடித்தேன். டிஸ்னியின் குறைந்த விலை அறைகளில் சின்னக் குளிர்சாதனப் பெட்டியும் கோப்பி போடும் இயந்திரமும் இருக்கும், மைக்ரோவேவ் கீழே சாப்பாட்டுக் கூடத்தில்தான். இறைச்சி சேர்ந்த எதையும் பயணப் பெட்டியில் வைக்கவேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பழமும் அப்படித்தான்.

ஓட்டத்தன்று விடியப்புறம் எந்தச் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கும் என்று நம்பி இருக்காமல், முதல் நாளே ஒரு பாண், கச்சான் பட்டர், இரண்டு வாழைப்பழம் வாங்கி அறையில் வையுங்கள். முடித்துவிட்டு வரும்போது ஹோட்டலின் ஐஸ் இயந்திரத்தைத் தேடி, அறையில் இருக்கும் சின்ன வாளியை நிரப்பி, முழங்காலுக்கு வையுங்கள். வாளி சின்னது, மூன்று தடவை நடக்கவேண்டி வரும்.