சிவகாமி மேல் கோபம் வந்தால் புத்தகத்தை மூடிவிட வேண்டுமா?

“கதாநாயகியின் பிடிவாதம் எரிச்சலூட்டுகிறது, ‘சிவகாமியின் சபத’த்தை மேற்கொண்டு படிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பல்லவ இளவரசர் மாமல்லர் மாறுவேடத்தில் பகைவரான சாளுக்கியரின் தலைநகர் வாதாபிக்கே வந்து அழைத்தும், அங்கே சிறைப்பட்டிருக்கும் சிவகாமி, ‘இந்த நகரம் எரிந்தால்தான் வருவேன்’ என்று மறுக்கும் இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லலாம். கல்கி 1940களில் தொடராக எழுதிய கதைக்கு இந்த எச்சரிக்கையே அதிகம்.

என் தாயாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில், வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த பிரதியிலிருந்து இரவுதோறும் சில அத்தியாயங்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் நிற்கும் அதே இடத்தில் எனக்கும் பொறுமை போயிற்று, “இவ்வளவு தூரம் உயிரைப் பணயம் வைத்து வந்தவனோடு கிளம்பிவிட வேண்டியதுதானே?” என்றேன். அம்மா விடவில்லை. “நாற்சந்தியில் இவள் ஆடாவிட்டால் சிறைப்பட்டு வந்த சனங்களுக்குச் சவுக்கடி என்று நிற்கவைத்தானே சாளுக்கிய ராஜா புலிகேசி, அதைப் பார்த்தவள் ஒருவருக்கும் தெரியாமல் சுவரேறிக் குதித்துப் போவாளா?” என்று கேட்டார். அவருடைய கோபம் முழுவதும் மாமல்லர் மீதுதான். ஊரையே எரித்து மீட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர் பாண்டிய குமாரியை மணந்துகொண்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்துப் படையோடு வருகிறாரே என்று, ஏதோ எங்கள் குடும்பத்துச் சம்பந்தம் முறிந்ததுபோல் ஆற்றாமைப்பட்டார். மரணப் படுக்கையில் இருந்த தந்தையின் சொல்லையும் அரசின் தேவையையும் அவர் எப்படித் தட்டுவார் என்று நான் வாதாடினேன். எங்கள் வழக்கு இன்றுவரை தீரவில்லை.

அப்படி வழக்காட முடிவதுதான் இந்த நாவலின் சுவை என்பேன். கல்கி ஒருவரையும் குறையில்லாமல் விடவில்லை. மாமல்லரின் தந்தை மகேந்திரவர்மர் ‘மத்தவிலாசம்’ என்னும் நாடகம் எழுதிய ரசிகர், பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவர். ஆனாலும் முற்றுகையிட்டுத் தோற்ற பகைவனை விருந்தாளியாகக் காஞ்சிக்குள் அழைத்துத் தம் நகரின் பெருமையைக் காட்டும் சபலம் அவரிடம் இருக்கிறது. அந்தச் சபலத்துக்கு விலை கொடுப்பவள் சிவகாமி. சிவகாமியின் தந்தையான சிற்பி ஆயனரோ, அஜந்தா வர்ணத்தின் இரகசியம் கிடைத்தால் போதும் என்று, பெற்ற மகளைச் சூழும் ஆபத்தைக்கூடக் கவனிக்காத தகப்பனார். இத்தகைய தகப்பனுக்கு மகளாகப் பிறந்து, தன் கலையைத் தவிர வேறு பிடிமானம் இல்லாமல் வளர்ந்த பெண்ணுக்குத் தன்மானம் முரட்டுத்தனமாகத்தான் வெளிப்படும்.

சிவகாமி என்ற பெண் இருந்ததற்குச் சான்று ஏது என்று சிலர் கிளம்புவார்கள். அவளும் ஆயனரும் புத்த பிக்ஷு நாகநந்தியும் கற்பனைதான். மாமல்லர் என்ற நரசிம்மவர்மர் வாதாபியைக் கைப்பற்றியது வரலாறு. அவருடைய கல்வெட்டு இன்றும் அந்த வாதாபியில், இன்றைய பாதாமியில், இருக்கிறது. போர் நடந்தது என்று கல்வெட்டு சொல்லும். வென்றவன் எந்த முகத்தோடு ஊர் திரும்பினான் என்று சொல்லாது. அதற்குத்தான் நாவல். இதை ஒத்துக்கொள்ளாதவர்களோடு எனக்கு வழக்கில்லை.

எங்கள் பிரதியின் நான்காம் பாகத்தை இரவல் வாங்கிப் போன உறவினர் ஒருவர், கேட்கும்போதெல்லாம் “அலமாரியில்தான் இருக்கிறது” என்கிறார். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். புதிதாக வாங்கிய பதிப்பில் எழுத்து மிகவும் பொடி.

ஆகவே, தாராளமாக மேலே படியுங்கள். ஆனால் ‘சிதைந்த கனவு’ என்னும் அந்த நான்காம் பாகத்தை அவசரமாகப் புரட்டாதீர்கள். மாமல்லரை மனைவி மக்களோடு சிவகாமி காணும் இடமும், ஏகாம்பரநாதர் சந்நிதியில் அவள் செய்யும் முடிவும் அதில்தான் வருகின்றன. நாகநந்தியைக் கொஞ்சம் கவனித்து வாருங்கள். அவர் செய்யாத பாதகம் இல்லை. இருந்தும் சிவகாமியின் ஆட்டத்தை அதிகம் உணர்ந்து பார்த்தவர் மாமல்லரா, பிக்ஷுவா என்று நான் கேட்டதற்கு அம்மா என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.