மூவர் குழுவும் ஒற்றை மைக்கும்

கேள்வி: தோட்ட விருந்துக்குப் புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற வகை இசையை வாசிக்கும் மூவர் குழுவை அமர்த்த உள்ளோம். மின்கருவிகள் இல்லை என்பதால் ஒலியமைப்பு தேவைப்படாது அல்லவா?

பதில்: தேவைப்படும். பாஞ்சோ என்னும் தந்திக் கருவியின் ஒலி தானாகவே எட்டும். ஆனால் விருந்தினர் பேசத் தொடங்கியதும் கிட்டாரும் பாட்டும் அமுங்கிவிடும். இக்குழுக்கள் பலவும் சுற்றியுள்ள ஒலியை நுட்பமாக வாங்கும் ஒரே கண்டென்சர் மைக்கைச் சூழ்ந்து நின்று, தனி வாசிப்பு வரும்போது ஒருவர் முன்னே நகர, மற்றவர் விலகி வாசிப்பார்கள். பார்ப்பதற்கும் அது அழகு. எனினும், இரைச்சல் மிகுந்த வெளியிடத்தில் அந்த மைக் ஒலிபெருக்கியின் ஒலியையே திரும்ப வாங்கி எளிதில் ஊளையிடும் என்பதால், தனித்தனி மைக்குகளே நலம் என்பேன். அவற்றை யார் கொண்டுவருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாக மேளம் இல்லாத இவ்விசையில் தாளத்தைத் தாங்குவது கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பெரிய பேஸ் தந்திக் கருவியே. அது மூவரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மேடைக்கு நிழல் அவசியம். வெயிலில் மரக்கருவிகளின் சுருதி நிற்காது.