இலக்கண விதிகளை வைத்தே மொழிபெயர்ப்பு நிரல் எழுதலாமா?

கேள்வி: கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பாடத்தில் சூழல்சாரா இலக்கணம் படித்திருக்கிறேன்; அதாவது, ஒரு வாக்கியம் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்று சொல்லும் விதிகளின் தொகுப்பு. அதே வழியில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் நிரல் எழுதலாமா? எடுத்துக்காட்டுகளிலிருந்து தாமே கற்றுக்கொள்ளும் நரம்பியல் வலைப்பின்னல்கள் வந்தபிறகு இது வீண்வேலையா?

பதில்: எழுதலாம். ஆனால் எந்த மாதிரி வாக்கியங்களை மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கனடாவில் 1977இல் பயன்பாட்டுக்கு வந்த ‘மெட்டியோ’ என்ற மொழிபெயர்ப்பு நிரல் விதிகளால் இயங்கியது. வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றியது. சொல்வளம் சிறியது, வாக்கிய அமைப்புகள் சில. அதனால்தான் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. நாளிதழ் கட்டுரையைக் கொடுத்திருந்தால் திணறியிருக்கும்.

கம்பைலரில் உங்களுக்கு வராத தலைவலி ஒன்று இங்கே காத்திருக்கிறது. நிரல்மொழியைப் பொருள்மயக்கம் வராதபடி திட்டமிட்டுச் செய்கிறார்கள். மனித மொழிக்கு அந்தக் கவலையே கிடையாது. ‘பழைய நண்பரின் வீடு’ என்றால் பழையது நண்பரா, வீடா? எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று காட்டும் கிளைப்படத்தை ‘மரம்’ என்பார்கள்; இலக்கணம் இங்கே இரண்டு மரங்களையும் சரி என்றே சொல்லும். இப்படி இரண்டிரண்டாகச் சேர்க்க நான்கு சொற்கள் இருந்தால் 5 மரங்கள், ஐந்து இருந்தால் 14, ஆறு இருந்தால் 42. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இலக்கணத்துக்குத் தெரியாது. விதிகளுக்கு நிகழ்தகவு கொடுத்துத்தான் தீர வேண்டும்.

சொல்வரிசை எளிது. ஓர் இணை விதி போதும்: ஆங்கிலப் பக்கம் ‘வினை, செயப்படுபொருள்’; தமிழ்ப் பக்கம் ‘செயப்படுபொருள், வினை’. உருபுகளில்தான் உழைப்பு. வந்தான், வந்தாள், வந்தது என ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுதினால் விதிகள் பெருகிக் கட்டுக்கடங்காமல் போகும். திணை, பால், எண், இடம் ஆகியவற்றைப் பண்புகளாக எழுவாயிலேயே ஒட்டிவையுங்கள்; வினைமுற்று அவற்றை எடுத்துக்கொள்ளட்டும். இந்தப் பாணிக்கென்றே ‘கிராமட்டிக்கல் ஃப்ரேம்வொர்க்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ இரண்டும் தமிழே என்பதால், ‘ஐ’ எப்போது வர வேண்டும் என்பதற்கும் ஒரு பண்பு தேவைப்படும். புணர்ச்சியை மட்டும் இலக்கணத்துக்குள் இழுக்காதீர்கள். ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதில் வரும் ‘ப்’பைக் கடைசியில் தனிப்படியாகச் சேர்ப்பதே நிம்மதி.

எல்லா வகை உரையையும் மொழிபெயர்க்க வேண்டுமென்றால் நரம்பியல் முறைக்கே போங்கள். அதில் எனக்குத் தயக்கமில்லை. எச்சரிக்கைப் பலகை, இயந்திரக் கையேடு போன்றவற்றில் மட்டும் விதிகளுக்கு இன்னும் மதிப்பு உண்டு. நரம்பியல் மாதிரி ஒரு ‘கூடாது’வை விழுங்கிவிட்டுச் சரளமான வாக்கியம் தரக்கூடும். விதிகளால் இயங்கும் உங்கள் நிரலையோ, தனக்குப் பிடிபடாத வாக்கியத்தைக் கண்டால் நிறுத்திவிடும்படி எழுதலாம்.