கரிக்குழியும் அரைக் கோணியும்

அன்புள்ள ஐயா,

வட சென்னையில், வியாசர்பாடியில் இருக்கிறேன். கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறேன். 1930களின் பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியைப் பற்றிய வகுப்பில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வேலை போன சுரங்கத் தொழிலாளர்கள் கம்பெனி நிலத்தில் கரியைத் திருடி விற்றார்கள் என்று பேச்சு வந்தது. "நம்ம வியாசர்பாடி மாதிரி" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. என் தாத்தா இங்கே பின்னி துணி மில்லில் வேலை பார்த்தவர். எனக்குப் பேச்சே வரவில்லை. பசி வந்தால் திருட்டு நியாயமாகிவிடுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

படித்ததும் எனக்கும் மனசு சுட்டது.

அங்கே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஆந்த்ரசைட் என்ற கெட்டிக் கரி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிப்பது. 1925-26இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தபோதே பல வீடுகள் எண்ணெய்க்கு மாறத் தொடங்கிவிட்டன. மந்தம் வந்ததும் கம்பெனிகள் செலவு பிடிக்கும் சுரங்கங்களை இழுத்து மூடின. ஷமோக்கின், ஷெனண்டோவா போன்ற ஊர்களில் சுரங்கத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை. அப்புறம்தான் ஆட்கள் கம்பெனி மலைச்சரிவில், ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் குழி தோண்டி இறங்கினார்கள். பழைய காரின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே கயிற்றைச் சுற்றி, இஞ்சினை ஓட்டிக் கரி வாளியை மேலே இழுத்தார்கள். உடைத்துச் சலித்த கரி லாரியேறி பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் போனது. முட்டுக்கொடுக்கச் சரியான மரமில்லாமல், மண் சரிந்து உள்ளேயே செத்தவர்கள் பலர். இப்படிப் பிழைத்தவர்கள் சுமார் 20,000 பேர் என்பது அக்காலக் கணக்கு.

கம்பெனிக் காவலர்கள் குழிகளை வெடிவைத்து மூடினார்கள். வேறு இடத்தில் வேறு குழி வந்தது. வழக்குப் போட்டால், ஜூரியில் உட்கார்ந்த ஊர்க்காரர்கள் குற்றவாளி என்று சொல்ல மறுத்தார்கள். உங்கள் வகுப்பில் இதை யாராவது சொன்னார்களா?

நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவன். கூட்ஸ் வண்டி போன பிறகு தண்டவாளத்தில் சிந்திக் கிடக்கும் கரியைப் பொறுக்குவோம். ஒருநாள் பக்கத்து வீட்டு அண்ணன் அரைக் கோணி கரியோடு மாட்டிக்கொண்டார். அவருடைய அம்மா ராத்திரி முழுக்க போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். முந்தானையில் கரித்தூள் அப்படியே இருந்தது. உள்ளே எழுதிய காகிதத்தில் அரைக் கோணி ஏறியது. அவர் அப்பாவுக்கு நாலு மாதமாக வேலையில்லை என்பது ஏறவில்லை, அதை யாரும் கேட்கவுமில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பசி எல்லாத் திருட்டையும் நியாயமாக்காது. நம் தெருவில் கத்தியைக் காட்டித் தாலிச் சங்கிலியை அறுக்கிறான் என்றால், அதை இழப்பவளும் வேலை போன வீட்டுப் பெண்தான். அவளை மறந்துவிட்டு நான் பேச மாட்டேன். ஆனால் 1996இல் பின்னி மில் மூடியபோது புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் வியாசர்பாடியிலும் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விசாரிக்காமல், 'ரவுடி ஏரியா' என்று மட்டும் பெயர் வைப்பது அநியாயம். பென்சில்வேனியாவில் இரண்டாம் உலகப்போர் வந்து தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கத் தொடங்கியதும் குழிகள் குறைந்துபோயின. அதே ஆட்கள்தான், கூலி கிடைத்ததும் மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

தாத்தா இருக்கிறாரா? மில் மூடிய வருஷம் வீட்டில் எதை அடகு வைத்தார்கள், யார் என்ன வேலைக்குப் போனார்கள், யார் படிப்பை நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.