வலி வர்றதுக்கு முன்னாடியே மருந்து குடுத்துடுங்க

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 68 வயசு. நுரையீரல் கேன்சர், இப்ப முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிடுச்சு. கீமோ எல்லாம் குடுத்துப் பார்த்தாச்சு, போன மாசம் ஆஸ்பத்திரியில "இனிமே செய்யறதுக்கு ஒன்னும் இல்ல, வீட்டுல வெச்சு நல்லா பார்த்துக்கங்க"ன்னு அனுப்பிட்டாங்க. மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருதடவைன்னு எழுதியிருக்காங்க. ஆனா எங்க அண்ணன், அது போதை மருந்து, பழகிட்டா விடமுடியாது, மூச்சு நின்னுடும், கடைசி கட்டத்துல பார்த்துக்கலாம்ங்கறார். அதனால அப்பா ரொம்ப முனகும்போது மட்டும் பாதி மாத்திரை குடுக்கறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கட்டிலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கேட்டா "பரவால்லம்மா, நீ போய்த் தூங்கு"ங்கறார். நாங்க செய்யறது சரிதானா?

பதில்: இல்லம்மா, சரி இல்ல. ஆனா இதுல உங்க மேலயோ அண்ணன் மேலயோ எனக்குக் கோபம் இல்ல, மாத்திரைய எழுதிக் குடுத்தவங்க பத்து நிமிஷம் உக்கார வெச்சு இத விளக்கியிருக்கணும், அதச் செய்யலங்கறதுதான் வருத்தம்.

நாலு மணி நேரத்துக்கு ஒருதடவைன்னு எழுதினது சும்மா இல்ல. சாதா மார்ஃபின் மாத்திரை உடம்புல வேலை செய்யறதே ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். அது தீர்றதுக்குள்ள அடுத்தது உள்ள போயிட்டா வலி தலைதூக்காது. வலி வந்து, அப்பா பல்லக் கடிச்சுப் பொறுத்து, நீங்க பார்த்து, மாத்திரை தேடிக் குடுத்து, அது வேலை செய்ய இன்னும் அரைமணி நேரம் ஆகும்போது, அவர் ஏற்கனவே முழுசா துவண்டு போயிருப்பார். புகையும்போது ஒரு சொம்பு தண்ணி போதும், பத்திக்கிட்டப்புறம் குடம் குடமா ஊத்தணும், அதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 1986லயே கேன்சர் வலிக்குன்னு வழிமுறை வெளியிட்டப்போ சொன்னது இதுதான், முடிஞ்சவரைக்கும் வாய் வழியா குடுங்க, கடிகாரத்தப் பார்த்துக் குடுங்க, வலி எவ்வளவோ அதுக்கேத்த மருந்தக் குடுங்க.

இப்ப செய்ய வேண்டியது, எழுதிக் குடுத்த டாக்டருக்கு இன்னைக்கே போன் போட்டு இதுவரைக்கும் உண்மையா எவ்வளவு குடுத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, ஏன்னா நீங்க முழு டோஸ் குடுத்துட்டிருக்கறதா அவர் நினைச்சுட்டிருப்பார். அவர் சரின்னதும் எழுதினபடி நேரத்துக்கு ஆரம்பிங்க. நடுவுல வலி வந்தா குடுக்க ஒரு எக்ஸ்ட்ரா டோஸ் எவ்வளவுன்னும் கேட்டு வாங்குங்க, வழக்கமா அது ஒரு நாள் மொத்த அளவுல ஆறுல ஒரு பங்கு வரைக்கும் இருக்கும், உங்க அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம்னா எக்ஸ்ட்ரா 10 வரைக்கும். ஒரு நோட்டுல நேரத்தோட எழுதி வைங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ எக்ஸ்ட்ரா தேவைப்பட்டா ரெகுலர் டோஸ் பத்தலன்னு அர்த்தம், டாக்டர்தான் ஏத்தணும், நீங்களா ஏத்தாதீங்க, நீங்களா திடீர்னு நிறுத்தவும் செய்யாதீங்க. ராத்திரி தூக்கத்துக்கு என்ன பண்றதுன்னும் கேளுங்க, படுக்கறப்போ டோஸ கூட்டிக் குடுக்கறதும் உண்டு, 12 மணி நேரம் நிக்கற மாத்திரையும் இருக்கு, அத மட்டும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்துல உள்ள போயிடும்.

அண்ணனோட பயத்துக்கு வர்றேன், அது அன்பால வர்ற பயம்தான். அடிமையாகறதுங்கறது வலியே இல்லாதப்பவும் மருந்து மேல வெறியா அலையறது. வலிக்காக டாக்டர் பார்த்துப் பார்த்துக் குடுக்கறப்போ இந்த நிலைமையில இருக்கறவங்களுக்கு அது ரொம்ப அபூர்வம். உடம்பு மருந்துக்குப் பழகறது வேற, அது நடக்கும், அதனாலதான் திடீர்னு நிறுத்தக்கூடாதுங்கறேன், வலி குறைஞ்சா மெதுவா இறக்கிடலாம். மூச்சு விஷயம், கொஞ்சமா ஆரம்பிச்சு படிப்படியா ஏத்தினா அந்த ஆபத்து குறைவு, அதுக்கு முன்னாடியே தூக்கக் கலக்கம் எச்சரிக்கை குடுத்துடும். எழுப்பினாலும் எந்திரிக்கல, மூச்சு ரொம்ப மெதுவாகுது, கை கால் வெட்டி வெட்டி இழுக்குதுன்னா அடுத்த டோஸக் குடுக்காம உடனே கூப்பிடுங்க. கிட்னி சரியில்லாதவங்களுக்கு மார்ஃபின் உடம்புல தேங்கும், அந்த டெஸ்ட் சமீபத்துல எடுத்தாங்களான்னும் கேட்டுக்கங்க. முதல் ரெண்டு மூணு நாள் அசந்து தூங்கினாலும், எழுப்பினா எந்திரிக்கறார்னா பயப்படாதீங்க, எத்தனை நாள் தூக்கம் பாக்கியோ. வாந்தி வர்ற மாதிரி இருக்கறதும் ஒரு வாரத்துக்குள்ள அடங்கிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, மார்ஃபின் இருக்கறவரைக்கும் இருக்கும், அதனால முதல் நாள்லேருந்தே மலமிளக்கி எழுதித் தரச் சொல்லுங்க. இத விட்டுட்டு வயிறு வீங்கி, "மார்ஃபின் ஒத்துக்கல"ன்னு நிறுத்தின குடும்பங்கள நிறைய பார்த்திருக்கேன்.

"செய்யறதுக்கு ஒன்னும் இல்ல"ங்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன். எலும்புல பரவின வலிக்கு ஒரே ஒரு சிட்டிங் ரேடியேஷன் குடுத்தாலே பல பேருக்கு நல்லா குறையும், பலன் தெரிய சில வாரம் ஆகலாம், முதல் ரெண்டு நாள் வலி கொஞ்சம் கூடவும் செய்யலாம். கேன்சர குணப்படுத்த இல்ல, வலிக்காக மட்டும் குடுப்பீங்களான்னு கேளுங்க. எரியுது, ஷாக் அடிக்குதுன்னு சொன்னா அது நரம்பு வலி, மார்ஃபின் மட்டும் பத்தாது, அதுக்கு கேபாபென்டின் மாதிரி தனி மருந்து இருக்கு. முதுகெலும்புல பரவியிருக்கறதால ஒன்னு கண்டிப்பா ஞாபகம் வெச்சுக்கங்க, கால்ல திடீர்னு பலம் குறைஞ்சாலோ மரத்துப் போனாலோ ஒன்னுக்கு வராம நின்னுட்டாலோ மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும், தண்டுவடம் நசுங்கினா நேரம் போகப் போக நடையத் திருப்பித் தரமுடியாது.

வலியையும் மத்த கஷ்டத்தையும் குறைச்சுப் பார்த்துக்கறதுக்குப் பாலியேட்டிவ் கேர்னு பேரு, அப்படிக் கேட்டீங்கன்னா இதுக்குன்னே இருக்கற டாக்டர் நர்ஸ் டீம் கிடைப்பாங்க. அங்க போனா கைவிட்டுட்டோம்னு அர்த்தம் இல்ல. 2010ல அமெரிக்காவுல, பரவின நுரையீரல் கேன்சர் இருந்த 151 பேர வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, வழக்கமான சிகிச்சையோட பாலியேட்டிவ் கேரும் ஆரம்பத்துலேருந்தே கிடைச்சவங்களுக்கு மனச்சோர்வு குறைவா இருந்துச்சு, அவங்கள்ல பாதிப் பேர் 11.6 மாசத்துக்கு மேல உயிரோட இருந்தாங்க, மத்தவங்கள்ல பாதிப் பேர் 8.9 மாசத்துக்கு மேல. அந்தக் கூடுதல் நாள மார்ஃபின் தந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஆனா வலியக் கவனிச்சா ஆயுசு குறையும்னு நினைக்கற அண்ணன்கிட்ட இதக் காட்டுங்க.

அப்பாகிட்ட "வலிக்குதா"ன்னு கேட்காதீங்க, பெத்தவங்க பதில் "பரவால்ல"தான். "நேத்து எத்தனை தடவ முழிச்சீங்க, திரும்பிப் படுக்க முடிஞ்சுதா, பத்துக்கு எவ்வளவு வலி"ன்னு கேளுங்க. அலாரத்தையும் நோட்டையும் அண்ணன் கையில குடுத்துப் பாருங்க, மூணு நாள் அவரே எழுதினா அவருக்கே புரியும்.

கேள்வி: அம்மாவுக்கு வயித்துல கேன்சர், இப்ப படுத்த படுக்கை. ரெண்டு நாளா எதையும் முழுங்க மாட்டேங்கறாங்க. பட்டினி போட்டு சாகடிக்கறோமோன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. வலி மாத்திரையும் உள்ள போகல. என்ன செய்யறது?

பதில்: சாப்பிடாததால அம்மா போறாங்கன்னு நினைக்காதீங்க, உடம்பு கடைசிக்கு நெருங்கறதாலதான் சாப்பாடு வேண்டாம்ங்குது, பெரும்பாலும் அவங்களுக்குப் பசியே தெரியாது. வாயில ஊட்டித் திணிச்சா புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். டிரிப் ஏத்தினாலும் பல நேரம் வீக்கமும் சளியும்தான் கூடுது. வாய் காயறதுதான் கஷ்டம், அதனால ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவ ஈரப் பஞ்சால வாயத் துடைச்சு, உதட்டுக்கு ஏதாவது தடவி விடுங்க.

வலி மருந்து விஷயத்துலதான் அவசரம். முழுங்க முடியலன்னா நிறுத்தக்கூடாது, வழிய மாத்தணும். தோலுக்கு அடியில சின்ன ஊசி வழியா சிரிஞ்ச் பம்ப்புல, அதாவது மருந்தக் கொஞ்சம் கொஞ்சமா தானா உள்ள தள்ளற சின்ன கருவியில, விடாம குடுக்கலாம், வீட்டுலயே முடியும். தோல்ல ஒட்டற ஃபென்டனில் பேட்ச்சும் இருக்கு, ஆனா ஒட்டின உடனே வேலை செய்யாது, அரை நாளுக்கு மேல ஆகும், அந்த இடைவெளிக்கு என்ன பண்றதுன்னு டாக்டரக் கேளுங்க, பேட்ச் மேல சூடு ஒத்தடம் மட்டும் வெச்சுடாதீங்க. அம்மா பேசலன்னாலும் நெத்திய சுருக்கறாங்களா, திருப்பும்போது கைய இறுக்கறாங்களான்னு பாருங்க, அது வலி. அப்படித் தெரிஞ்சா காலைல பார்த்துக்கலாம்னு விடாதீங்க, ராத்திரி ஆனாலும் போன் பண்ணுங்க, அதுக்கு ஒரு நம்பர இப்பவே கேட்டு செவுத்துல ஒட்டி வைங்க.