மகள் போதை மீட்பு ஆலோசகராக விரும்புகிறார்: நன்னிலம் பகுதித் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உளவியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், பி.எட். சேரச் சொல்லும் வீட்டாரின் பேச்சை ஏற்காமல், குடிநோயிலிருந்தும் பிற போதைப் பழக்கங்களிலிருந்தும் மக்களை மீட்கும் ஆலோசகராகப் பயிற்சி பெறப்போவதாகச் சொல்கிறார் என்றும், இது படிப்பா தொண்டா, இதில் ஒரு பெண் பிள்ளை பிழைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது தொழில்தான், முறையான பயிற்சி உள்ள தொழில். ஆனால் மருத்துவத்தையோ செவிலியத்தையோ போல ஒரே வாசல் வழியாக நுழையும் தொழில் அன்று. சமூகப் பணி படித்தவர், உளவியல் படித்தவர், செவிலியர், தாமே குடியை விட்டு மீண்டு பயிற்சி பெற்றவர் எனப் பலரும் இதற்குள் வருகிறார்கள். வாசல்கள் பல இருப்பதால், சில வாரச் சான்றிதழ் ஒன்றை வாங்கிப் பலகை மாட்டிக்கொள்பவர்களும் இதே பெயரில் உலவுகிறார்கள். ஆகவே என்ன சான்றிதழ் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி நடக்கும் என்று கேளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியதுதான்.

தேவை இருக்கிறதா என்ற ஐயம் உங்களுக்கு வேண்டாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 5 கோடிக்கும் அதிகமானோருக்கு மதுப் பழக்கம் தொடர்பான உதவி தேவைப்படுகிறது என்றும், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார் என்றும் கூறியது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர் மட்டுமே. படுக்கைகள் குறைவு என்பது உண்மையே. பயிற்சி பெற்ற ஆட்கள் அதைவிடக் குறைவு.

வேலையின் தன்மையை நீங்கள் ஓரளவு அறிந்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதம் காட்டுகிறது. இருந்தாலும் ஆலோசகர் என்றால் எதிரில் உட்கார வைத்து அறிவுரை சொல்பவர் என்ற எண்ணம் நம் பக்கத்தில் பலமாக இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பல ஆண்டுகள் தினமும் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் நினைவு தடுமாறி, இல்லாதவை கண்ணில் தெரியும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு மருந்து தருவது மனநல மருத்துவரின் வேலை, கண்காணிப்பது செவிலியரின் வேலை. ஆனால், ‘இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்’ என்று யாரிடம் சொல்லக்கூடாது, யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அறிந்திருப்பது ஆலோசகரின் கடமை. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று விற்கப்படும் பொடிகளை நம்பி வரும் மனைவிமாருக்கு, அப்படிக் கலக்கும் மருந்தோடு மது சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகக்கூடும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வதும் ஆலோசகரின் வேலையே.

உடல் தேறிய பிறகுதான் ஆலோசகரின் முழு வேலை தொடங்குகிறது. அதற்கென்று கற்றுத்தரப்படும் முறைகள் உள்ளன. வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ஊக்கமூட்டும் நேர்காணல் அவற்றில் முதன்மையானது; வாதாடியும் பயமுறுத்தியும் ஒருவரை மாற்ற முயல்வதைக் கைவிட்டு, மாற வேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது அதன் அடிப்படை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட வினாத்தாளை வைத்துக் குடியின் தீவிரத்தை மதிப்பிடுவது, மீண்டும் குடிக்கத் தூண்டும் சூழல்களை நோயாளியோடு சேர்ந்து முன்கூட்டியே கணித்து வழி வகுப்பது, குடும்பத்தினரைத் தனியே சந்தித்துப் பேசுவது ஆகியவையும் பயிற்சியில் அடங்கும்.

இவற்றை நூலில் படிப்பது எளிது. நம் மண்ணில் பொருத்துவதுதான் கடினம். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாதவர், மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறார் என்பது நீங்கள் பார்த்திராததன்று. வீட்டார் அதை ஏமாற்று என்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகரோ, அந்த ஒரு மண்டலம் எப்படி முடிந்தது, யாரெல்லாம் துணை நின்றார்கள், கழற்றிய பிறகு எது இல்லாமல் போயிற்று என்று கேட்டு, அங்கிருந்தே சிகிச்சையைத் தொடங்குவார். சம்பா அறுவடை முடிந்து கூலிப் பணம் கையில் புரளும் தை, மாசி மாதங்கள், நாகப்பட்டினம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்கள், ஊர்த் திருவிழா, துக்க வீடு என்று மறுபடி குடிக்க வைக்கும் நாட்களுக்கு டெல்டாவில் ஒரு நாட்காட்டியே உண்டு. அதை அறிந்த ஆலோசகர் நமக்கு வேண்டும். உங்கள் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பது இந்த வேலையில் அவருக்குப் பெரும் தகுதி.

இனி படிப்பு. இளங்கலையோடு நேரே வேலையில் சேர முடியும். அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களில் பட்டதாரிகள் ஆலோசகர்களாகச் சேர்வது வழக்கம். இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதுகலை முடித்துவிட்டுச் செல்வது நல்லது என்றும், அதிலும் உளவியலைவிடச் சமூகப் பணி இந்தத் துறைக்குக் கூடுதலாகப் பொருந்தும் என்றும் கருதுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலைப் படிப்பில் களப்பணி கட்டாயம். மாணவர் எழுதும் பதிவேட்டை ஆசிரியர் படித்துத் திருத்துவார். மேற்பார்வை என்று நான் மேலே சொன்னது அங்கே பாடத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணித் துறை இருக்கிறது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பிஷப் ஹீபர் கல்லூரியும் இப்படிப்பை நடத்துகின்றன. எந்த இடமானாலும் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள்: மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுக்க முடியுமா, போதை மீட்பு மையத்திலோ மனநலப் பிரிவிலோ களப்பணிக்கு அனுப்புகிறார்களா, அங்கே மாணவரை வாரந்தோறும் வழிநடத்துபவர் யார்.

உளவியலிலேயே தொடர மகள் விரும்பினால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ்.சி. உளவியல் முடித்தவுடன் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. அந்தப் பெயருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவேட்டில் பெயரும் தேவை. அந்தப் படிப்புகளின் அமைப்பும் இப்போது மாறிவருவதால், சேரும் ஆண்டின் விதியைக் குழுமத்தின் தளத்திலேயே சரிபார்க்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் உள்ளிட்ட சுகாதாரத் துறைப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. 2021-ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் மனநல ஆலோசகர்களையும் மருத்துவச் சமூகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவு முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, நேரடியாகக் கல்லூரியில் படித்த பட்டமே கைகொடுக்கும்.

அடிப்படைப் பட்டத்துக்குப் பிறகு, அல்லது அதனோடு, சிறப்புப் பயிற்சி. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்தது, சிகிச்சையோடு பிற மையங்களின் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அவர்கள் கிராமத்துக்கே வந்து முகாம் அமைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையை 1980-களின் இறுதியில் உருவாக்கிய இடம், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மஞ்சக்குடிதான். குடும்பத்தையும் ஊர்க்காரர்களையும் சிகிச்சையில் பங்கேற்க வைக்கும் அந்த அனுபவம் தனி நூலாகவே வெளிவந்திருக்கிறது. டெல்லியில் மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் போதைத் தடுப்புப் பணியாளர்களுக்கான பயிற்சிகளை நடத்துகிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தின் போதை மருத்துவ மையம் நாட்டின் முன்னணிப் பயிற்சி இடங்களுள் ஒன்று. பன்னாட்டு அளவில், கொழும்புத் திட்டம் என்னும் நாடுகளின் கூட்டமைப்பின் கீழ் உருவான பொதுச் சிகிச்சைப் பாடத்திட்டம் அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்களைக் கொண்டது. அதைப் படித்துத் தேர்வு எழுதிப் படிநிலைச் சான்று பெறலாம். ஆனால் அது அனுபவம் பெற்ற பிறகு எடுக்க வேண்டியது, இப்போது அவசரம் இல்லை.

முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீங்கள் தந்தையாக விழிப்புடன் இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள்களால் வரும் மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. ஆகவே இத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா, மனநல மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், நோயாளிகள் வீட்டாரைப் பார்க்கவும் பேசவும் முடிகிறதா என்று நேரில் சென்று பாருங்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஆளைத் தூக்கிச் சென்று பூட்டி வைக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அடியும் மிரட்டலும்தான் அங்கே சிகிச்சை. அப்படிப்பட்ட இடத்தில் வேலைக்குச் சேரும் இளம்பெண் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது, சட்டச் சிக்கல் வந்தால் அவர் பெயரும் அதில் சேரும்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: தொடக்கத்தில் குறைவு. மானியத்தில் இயங்கும் மையங்களில் தொகுப்பூதியம்தான்; மானியத் தவணை தாமதமானால் ஊதியமும் தாமதமாகும். ஆசிரியப் பணியோடு ஒப்பிட்டு வருந்தினால் வருத்தம் தீராது. தனியார் மருத்துவமனைகளிலும் பெரிய நிறுவனங்களின் பணியாளர் நலப் பிரிவுகளிலும் நிலை மேலானது, ஆனால் அவை முதுகலையும் அனுபவமும் கேட்கின்றன.

பெண் பிள்ளை என்ற கவலைக்கு வருகிறேன். ஆலோசகரின் நேரத்தில் பெரும்பங்கு மனைவிமாரிடமும் தாய்மாரிடமும் செல்கிறது. அவர்கள் ஓர் ஆணிடம் சொல்லத் தயங்குவதைப் பெண் ஆலோசகரிடம் சொல்கிறார்கள். ஒழுங்கான மையங்களில் வீட்டுப் பார்வைக்குத் தனியாக அனுப்புவதில்லை; அனுப்பினால் அது ஒழுங்கான மையம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் கடைசி வரிகளில், நீங்கள் குடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன என்றும், உங்களால்தான் மகள் இந்த வழியைப் பிடிக்கிறாரோ என்று மனம் அரிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். குடிநோய் புகுந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். சாந்தி ரங்கநாதனே கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை மட்டும் நம்பி இறங்கிவிடாமல், அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று வந்துதான் நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டு அனுபவம் ஒருவரை இங்கே கொண்டுவந்து சேர்க்கலாம். அதுவே பயிற்சி ஆகிவிடாது. ஒவ்வொரு நோயாளியிடமும் தன் தந்தையைக் காணும் ஆலோசகர், ஒருவர் மறுபடி குடித்தால் அதைத் தன் தோல்வியாகவே சுமப்பார், அல்லது அவர்மேல் கோபப்படுவார். இதைப் பக்கத்தில் இருந்து கவனித்துச் சொல்ல அனுபவம் வாய்ந்த ஒருவர் வேண்டும் என்பதற்காகவே மேற்பார்வையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். உங்கள் கதையை மகள் வேலையிடத்தில் சொல்ல வேண்டுமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் அதை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அவர் கற்க வேண்டிய தொழில் ஒழுக்கத்தில் அடங்கும்.

இப்போது செய்ய வேண்டியவை சில. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் முதுகலைச் சேர்க்கை க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடப்பதால், அதன் அறிவிப்பை மகள் கவனித்து வரட்டும். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் கூட்டங்களில் வெளியாரையும் அனுமதிக்கும் திறந்த கூட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டு வரட்டும். பி.எட். விண்ணப்பத்தை அதுவரை தள்ளிவையுங்கள். களப்பணி பற்றி நான் எழுதிய மூன்று கேள்விகளுக்கும் திருவாரூரிலும் திருச்சியிலும் கிடைக்கும் பதில்களை மகள் தன் கையால் எழுதிக்கொண்டு, மதிப்பெண் பட்டியல்களோடு வந்து என்னைப் பார்க்கட்டும்; எந்தக் கல்லூரி என்பதை அப்போது பேசி முடிவு செய்யலாம்.